சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிய பக்கம்

ஞாயிற்றுக்கிழமை மற்றப் பெண்களெல்லாம் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு ஹாஸ்டல் டிவி முன்னால் கிடக்க, பாண்டிச்செல்வி மட்டும் படப்பை ஊரில் ஒரு பழைய பேப்பர் கடையில் குத்தவைத்து உட்கார்ந்திருப்பாள். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து செல்போன் கம்பெனிக்கு வேலைக்கு வந்தவள். ஞாயிறு மலர்களையும் வார இதழ்களையும் துழாவி, நல்ல கவிதை ஒன்று, கோயில் கதை ஒன்று, ஒரு ஓவியம், தெருக்கூத்தைப் பற்றியோ மாதா திருவிழாவைப் பற்றியோ ஒரு கட்டுரை என்று பொறுக்கி, கிளிப் போட்டுக் கட்டாக்குவாள். அந்த வாரம் முழுக்கக் கம்பெனி பஸ்ஸில் அதுதான் படிப்பு.

திங்கட்கிழமை கிளம்பும் கட்டு சீட் சீட்டாகக் கைமாறி, சனிக்கிழமை அவளிடமே திரும்பும். மறுவாரம் வேறு ஷிப்ட் பஸ்ஸுக்குப் போகும். நாள் முழுக்க லைனில் போன்களைச் சோதித்துப் பச்சை, சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுகிற வேலை பஸ்ஸில் மட்டும் விடுமா? படித்தவர்கள் பக்கத்தின் ஓரத்தில் ஸ்டிக்கர் ஒட்டத் தொடங்கினார்கள். பச்சை என்றால் பாஸ், அடுத்த பஸ்ஸுக்குப் போகலாம். சிவப்பு என்றால் ரிஜெக்ட், அங்கேயே உருவிவிட வேண்டும். பெரிய பெரிய சாமியார்களின் அருளுரைக்கே தயவு தாட்சண்யமில்லாமல் சிவப்பு விழுந்திருக்கிறது.

2012 ஆடியில் ஒரு வாரம், தான் எழுதிய கவிதையைப் பிரவுசிங் சென்டரில் டைப் அடித்து, பெயர் போடாமல் கட்டின் நடுவில் செருகினாள். லைனுக்குள் போகுமுன் வாசலில் விட்டுப்போகும் செருப்புகளைப் பற்றியது.

கோயில் வாசலில்போல்
கழற்றிவிட்டுப் போனோம்.
திரும்பி வந்தால்
செருப்பு அதேதான்,
கால்தான் யாருடையதோ.

அந்த வாரம் முழுக்கக் கட்டு எந்த சீட்டில் இருக்கிறது என்றே பார்த்துக்கொண்டிருந்தாள். வியாழக்கிழமை கட்டு முன் சீட்டு மஹாலட்சுமியிடம் வந்தது. குன்றத்தூர்க்காரி, நாலைந்து வயது மூத்தவள், டெஸ்டிங்கில் இருப்பவள். அவள் கண்ணுக்குத் தப்பி ஒரு கீறல்கூட வெளியே போகாது என்று பெயர். அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தாள். பிறகு சிவப்பை எடுத்து ஒட்டி, பக்கத்தை உருவி மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள். பின்னாலிருந்து பார்த்த பாண்டிச்செல்விக்கு முகம் எரிந்தது.

கட்டு மட்டும் வாரம் தவறாமல் போனது. அவள் அதற்குப் பிறகு ஒரு வரிகூட எழுதவில்லை. எழுத உட்கார்ந்தால் அந்தச் சிவப்புதான் கண்ணில் நின்றது. ஏன் ஒட்டினாய் என்று கேட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் தீர்ந்திருக்கும். கேட்டுவிட்டால் அப்புறம் வீம்பு எதற்கு இருக்கிறது?

2014இல் கம்பெனியை மூடினார்கள். கடைசி நாள் பஸ்ஸில் கட்டை யாரும் பிரிக்கவில்லை. ஆளாளுக்குப் போன் நம்பர் வாங்கிக்கொண்டு அழுதார்கள். டீசல் வாடையும் மல்லிகைப்பூ வாடையும் கலந்த அந்த பஸ்ஸை, மடியில் கட்டோடு தூங்கி வழிந்த அந்த முகங்களைப் பாண்டிச்செல்வி இன்றைக்கும் நினைத்துக்கொள்வாள்.

மஹாலட்சுமி அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஐடி கார்டு உறைக்குள்ளிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தாள். மடிப்பெல்லாம் நைந்திருந்தது. ஸ்டிக்கர் வெளுத்துப்போயிருந்தது.

"இத எழுதினது யாருன்னு தெரியுமா செல்வி? பேரே இல்ல. இவங்க இன்னொண்ணு எழுதிக்கீறாங்களான்னு வாராவாரம் தேடிக்கினே இருந்தேன்."

"நீங்க ரெட்டுல்லா ஒட்டுனிய, அக்கா?"

"பச்சை ஒட்டினா அடுத்த பஸ்ஸுக்குப் போயிடுமே. என்கிட்டயே இருக்கட்டும்னுதான் ரெட்டு ஒட்டி எடுத்துக்கினேன்."

பாண்டிச்செல்விக்குக் கோபம் வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை. கூடவே அழுகையும் வந்தது.

"அவிய அதுக்கப்புறம் எழுதவே இல்லக்கா," என்றாள்.

பிறகு அவளிடமே பேனா கேட்டு வாங்கினாள். பஸ் குலுங்கியதில் எழுத்து கோணிக்கொண்டு போனது. சிவப்பு ஸ்டிக்கருக்குப் பக்கத்தில் தன் பெயரை எழுதி, தாளை மடித்து மஹாலட்சுமி கையிலேயே கொடுத்தாள்.