கரண்ட் நின்ற நேரம்

விசுவமடு தையல் தொழிற்சாலையில், தாட்சாயினியின் கைக்குள்ளால் நீலத்துணி வாய்க்கால் தண்ணீர்போல ஓடிக்கொண்டிருந்தது. அவளுக்கு ஏழு மாதம். எழும்பினால், வேலைசெய்ய ஏலாதவள் என்று நிப்பாட்டிவிடுவார்களோ என்ற பயத்தில், காலையிலிருந்து கதிரையை விட்டு அசையவில்லை; தண்ணீரும் குடிக்கவில்லை. மெசின்களின் தாலாட்டில் வயிற்றுப்பிள்ளை உறங்கியது. அவளுக்கும் கண் சொருகியது.

திடீரென்று கரண்ட் நின்றது. நூறு மெசினும் ஓய்ந்த அமைதியில் பிள்ளை விழித்து, ஓங்கி ஓர் உதை விட்டது. மணித்தியாலத்துக்கு ஒருக்கா எழும்பி நடக்கச்சொன்ன மிட்வைஃப் மிஸ்ஸின் குரல் அப்போதுதான் ஞாபகம் வந்தது. தாட்சாயினி எழுந்து, போத்தல் தண்ணீரைக் குடித்தபடி மெல்ல நடந்தாள். கரண்ட் வந்த பிறகும் நடந்தாள்.

“என்ன தங்கச்சி, ஏலாமல் கிடக்கோ?” மேற்பார்வையாளர் றுமானா கேட்டா.

“ஏலும் அக்கா. நாளைக்கும் ஏலவேணும் எண்டுதான் நடக்கிறன்.”