பதினாலாம் லூயியின் மேல்கண்ணாடி

என் வீட்டுக்காரருக்குப் பிரான்சு தேசத்து அரசர்கள் எல்லாரையும் முகம் பார்த்தே தெரியும். எனக்கு என் அப்பாவின் முகம் தெரியாது.

வீட்டுக்காரர் பெயர் செல்வகுமார். மின்துறையில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்தபோதே பிடித்த கிறுக்கு இது. சினிமா வருவதற்கு முன்னால் பள்ளிக்கூடங்களில் ஒரு பெட்டிக்குள் விளக்கேற்றிச் சுவரில் படம் காட்டுவார்களாம். மேஜிக் லான்டர்ன் என்று பெயர். அதில் செருகுகிற உள்ளங்கை அகலக் கண்ணாடிப் படங்களைத்தான் சேர்க்கிறார். பூ, பறவை, கோயில் எல்லாம் ஆகாது. சரித்திர முகங்கள் மட்டும். லூயிகளே ஏழெட்டுப் பேர், நெப்போலியன் மூன்று விதமாக, பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்ஸ் ஒருவர். காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் எவனாவது பழைய பெட்டியைத் திறந்தால் இவர் மூக்கு அங்கே இருக்கும். எங்கள் மூலக்குளத்து வீட்டில் எனக்கு ஒரு அலமாரி, அரசர்களுக்கு மூன்று.

என் அப்பா சாமிக்கண்ணு மில் தொழிலாளி. எனக்கு ஒரு வயதானபோது காய்ச்சலில் போய்விட்டார். வீட்டில் ஒரு படம்கூடக் கிடையாது. நல்ல காரியத்துக்கு முன்னால் செத்தவர்களுக்குப் படையல் போடுவது எங்கள் வழக்கம். அதில் வீட்டுக்காரர் பக்கத்து ஆட்கள் நாலு பேர் மாலையோடு சட்டத்துக்குள் உட்கார்ந்திருப்பார்கள். என் அப்பாவுக்கு மட்டும் ஒரு மடித்த வேட்டி.

மகள் சுடர்விழிக்குக் கல்யாணம் நிச்சயமானதும், இந்த முறையாவது அப்பா முகத்தை வைத்துப் படைக்க வேண்டும் என்று எனக்கு வெறியே வந்துவிட்டது. மில் பாஸுக்காக அவர் ஒரு ஸ்டூடியோவில் படம் எடுத்துக்கொண்டதாக அம்மா சொல்லியிருந்தாள். ஸ்டூடியோ மூடி எத்தனையோ வருஷம் ஆகிறது. முதலாளியின் மகன் கோவிந்தசாமி தேங்காய்த்திட்டில் இருப்பதாகத் தெரிந்து பஸ் ஏறிப் போனேன்.

நல்ல மனுஷன். பரண் மேலிருந்து பழைய பெயர் நோட்டை இறக்கித் தேடினார். ‘சாமிக்கண்ணு, மில்’ என்று இருந்தது. எதிரே 2216.

“எங்கப்பா கடசி வரைக்கும் கண்ணாடி நெகட்டிவ்லதான் புடிச்சாரும்மா. மூலையில வைர ஊசியால நம்பரக் கீறி வெச்சிருப்பாரு. அது இருந்தா எத்தன காப்பி வேணும்னாலும் போடலாம்.”

“இருக்குதுங்களா?”

“பொட்டியோட ஒருத்தரு வாங்கினு போயிட்டாரும்மா. ஆறு வருஷமாச்சி. மூலக்குளத்துக்காரரு, கரண்டு ஆபீஸ்ல இருந்தவரு. ராஜாக்கள் படமா சேக்குறவரு.”

திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அப்பா என் வீட்டு அலமாரியிலேயே இருந்திருக்கிறார். அந்த மனுஷனின் கிறுக்கை அன்றைக்குத்தான் முதல் முறையாக மனசார வாழ்த்தினேன்.

“ஏங்க, தேங்காய்த்திட்டுல ஒரு பொட்டி கண்ணாடி வாங்கினு வந்தீங்களே, அது எங்க?”

அவர் பூதக்கண்ணாடியிலிருந்து தலையை எடுக்கவில்லை. “அதுவா? மேல்கண்ணாடியா ஆயிடுச்சே.”

படம் எழுதிய கண்ணாடியின் வண்ணம் உரியாமல் இருக்க, அதன் மேல் ஒரு வெறும் கண்ணாடியை வைத்து, ஓரமெல்லாம் கறுப்புக் காகிதம் ஒட்டியிருப்பார்கள். பழசில் பாதிக்கு அந்த மேல்கண்ணாடி உடைந்திருக்கும். இப்போது கடையில் கிடைப்பது தடிமன். பழைய நெகட்டிவில் இருக்கும் படத்தைக் கழுவி எடுத்து, நீளத்தைக் கொஞ்சம் வெட்டினால் அளவு கச்சிதமாம்.

“அதுல ஆளுங்க படம் இருந்துச்சேங்க!”

“யாரு எவருன்னே தெரியாத ஆளுங்க. அதெல்லாம் சரித்திரமா?” என்றவர் நிமிர்ந்து பார்த்தார். “நீதான கலா கழுவிக் குடுத்த?”

நான்தான். அந்தப் பெட்டிதான் இது என்று அதுவரை எனக்கு உறைக்கவில்லை. சலவை சோடா போட்ட சுடுதண்ணீரில் ஊறவைத்து, தேங்காய் நாரால் தேய்த்தேன். மூஞ்சி கறுப்பாக, முடி வெள்ளையாக ஒவ்வொன்றும் பேய் மாதிரி இருந்தது. ‘இந்தச் சனியன்களை ஏன் வீட்டுக்குள்ள கொண்டாந்தீங்க’ என்று திட்டிக்கொண்டே அழுத்தித் தேய்த்தேன். பளிச்சென்று இருக்கிறது என்று அவர் பாராட்டியபோது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. பெற்ற அப்பன் முகத்தை என் கையாலேயே சாக்கடையில் விட்டிருக்கிறேன்.

முகம் போனாலும் மூலையில் கீறிய நம்பர் போகாது. அலமாரியைத் திறந்து, ஒவ்வொன்றாக எடுத்து ஓரத்துக் காகிதத்தைக் கத்தியால் கிழித்தேன்.

“கலா, வேணாம்டி! தூசி பட்டா வண்ணம் போயிடும்!” என்று கத்தினார். அன்றைக்கு அவர் என் கையைப் பிடித்திருந்தால் என்ன செய்திருப்பேனோ, பிடிக்கவில்லை.

பதினேழாவதாக, பதினாலாம் லூயியின் மேலிருந்து 2216 வந்தது. லூயியின் கன்னத்துச் சிவப்பு அப்படியே இருந்தது. என் அப்பா அதை ஆறு வருஷம் பத்திரமாகக் காப்பாற்றியிருக்கிறார்.

படையலன்று அந்த நாலு சட்டங்களுக்குப் பக்கத்தில், மடித்த வேட்டியின் மேல் கண்ணாடியைச் சாய்த்து வைத்தேன். அதன் வழியாகச் சுவர் தெரிந்தது. மற்றவர்களுக்குப் பொட்டு வைத்துவிட்டு, விரலில் சந்தனத்தோடு அதன் முன்னால் நின்றேன். நெற்றி எந்த இடத்தில் இருந்தது என்று தெரியவில்லை.

“சும்மா நடுவுல வையும்மா” என்றாள் சுடர்விழி.

வைத்தேன். மூக்கிலோ வாயிலோ பட்டிருக்கும்.