கழுத்து வரைக்கும்

“அழிக்கறதுன்னு யாரும்மா சொன்னா? வெள்ளைதான் அடிக்கறோம்—”

“வெள்ளை அடிச்சா அழியாம பூத்துக் குலுங்குமா?”

“கொஞ்சம் கேளுங்கம்மா, நாளைக்கு சாருக்கு நினைவுக் கூட்டம், நாலு பெரிய மனுஷங்க வர்ற இடம்—”

“அவரை நினைக்கறதுக்கு அவர் கை பட்ட சுவத்தையே பூசி மெழுகறியா? நல்லா இருக்குடா உன் நினைப்பு!”

சலவைக் கடைக்கு மேல்மாடியில் இருந்த சங்கக் கூடத்துக்குள் அவள் நுழையும்போதே பெயின்ட் வாடை மூக்கில் ஏறிவிட்டது. ஏணியில் நின்ற பெயின்ட்காரர், உருளையிலிருந்து சொட்டிய வெள்ளையைத் துணியில் ஏந்தியபடி, யார் சொல்வதைக் கேட்பதென்று தெரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். சுவரின் மேல் விளிம்பு ஏற்கெனவே வெளுத்திருந்தது. மடக்கு நாற்காலிகளின் மேல் சுருட்டிய பாய் மாதிரி ஒரு பேனர். பிரித்துப் பார்த்தாள். அவள் வீட்டுக்காரர் ஈயென்று சிரித்தார். உயிரோடிருந்தபோது பல் தெரியச் சிரித்த மனிதரில்லை. கம்ப்யூட்டரில் யாரோ பல் கட்டிவிட்டிருந்தார்கள்.

“இதை மாட்டறதுக்கு அத்தனை பிள்ளைகளையும் காவு குடுக்கணுமா?”

பிழைக்க வந்த தேசத்தில், வாரம் முழுக்கக் கிடங்கில் பெட்டி சுமந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை இந்தக் கூடத்தில் நம்மவர்களின் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவர் அவர். படமும் வரைவார். புதிதாக ஒரு பிள்ளை வந்து சேர்ந்தால், சுவரில் இரண்டு பாதங்கள் வரைவார். எழுத்து பிடிபடப் பிடிபட, கால், சட்டை, கை என்று உருவம் மேலே ஏறும். ஒரு பக்கத்தைத் தடுமாறாமல் வாசித்துக் காட்டினால்தான் முகம். அந்த முகத்துக்காகவே பிள்ளைகள் முட்டி மோதிப் படித்தார்கள். வீட்டில் குழாய் ஒழுகும், ஒட்டடை தொங்கும். இவர் இங்கே யாருக்கோ மூக்கு வரைந்துகொண்டிருப்பார். அந்தக் கோபம் அவளுக்கு இன்னும் ஆறவில்லை. ஆனால் அது அவள் கோபம். பூசி மறைக்க இவன் யார்?

இவன் சங்கத்தின் தலைவன். அவரிடம் படித்தவன்தான், இப்போது சொந்தமாக ஓட்டல் நடத்துகிறான்.

“சுவரெல்லாம் ஈரம்மா. பொரிஞ்சு உதிருது.”

அவள் உள்ளங்கையால் சுவரை அழுத்தித் தேய்த்து, கையை அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள். “எங்கடா ஈரம்? காட்டு.”

“சரி, ஈரமில்ல! எனக்குப் பிடிக்கல. போதுமா?” அவன் விறுவிறுவென்று ஜன்னலோரம் போனான். “இங்க வாங்க. இது யாரு, சொல்லுங்க.”

நீலக் கட்டம் போட்ட சட்டை. பையில் பேனா. காலர், கழுத்து. அதற்கு மேல் வெறும் சுவர்.

“யாரு?”

“நான்தாம்மா. அப்பா படுத்த படுக்கையானதும் ஓட்டல்ல பாத்திரம் தேய்க்கப் போனேன். ஞாயித்துக்கிழமையும் வேலை. சார்கிட்ட வந்து நின்னேன், முகத்தை மட்டும் போட்டுருங்க சார்னு. ‘வந்து வாசி, போடறேன். முகத்துக்கு நேரமில்லாதவன் முகமில்லாமலே நிக்கட்டும்’னுட்டார். என் கல்யாணம் இங்கதான். நான் மாலையும் கழுத்துமா மேடையில நிக்கறேன், மச்சினனுங்க இதுக்குப் பக்கத்துல நின்னு போட்டோ புடிக்கறானுங்க. தலையில்லாத தலைவர்னு பட்டப்பேரு வேற. என் பொண்ணு கேக்கறாம்மா, ‘அப்பா, நீ படிக்கவே இல்லையா?’ன்னு.”

அப்படியே அவர் பேச்சு. அதே நாக்குத்தானே வீட்டிலும் அவளைப் பொசுக்கியது.

“அநியாயம்” என்றாள்.

“என்னம்மா?”

“அவர் செஞ்சது அநியாயம்னேன். காது அடைச்சுப்போச்சா? ஊருக்கு உழைச்ச உத்தமர்னு நாளைக்கு மைக்கைப் புடிச்சு உருகுவியே, அங்க இதையும் சொல்லு. பிடிவாதக்காரர், ஒரு பையன் பட்ட பாடு தெரியாத மனுஷன்னு சொல்லு. நான் முன்வரிசையில உக்காந்து கை தட்டறேன்.”

“செத்தவரை மேடையில வச்சு எப்படிம்மா அப்படி…”

“அதுக்கு வாய் வராது, சுவத்தைப் பூச மட்டும் கை வருதா? உனக்குக் கோபம் இருக்கு, இருக்கட்டும், நியாயம்தான். பக்கத்துல நிக்கறவங்க உன் குடியையா கெடுத்தாங்க? இந்தப் பையனைப் பாரு. லாரியில அடிபட்டுப் போனானே, அவன் அம்மா வாராவாரம் படியேறி வந்து இந்தக் கன்னத்தைத் தடவிட்டுப் போறா. நாளைக்கு வந்தா எதைத் தடவுவா? உன் பேனரையா?”

அந்தப் பையனின் கன்னத்தில் மட்டும் சாயம் தேய்ந்து பளபளத்தது. தலைவன் அதைப் பார்க்காமல் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான்.

பெயின்ட்காரர் செருமினார். “அடிக்கறதா, இறங்கறதா? ஒண்ணு சொல்லுங்க, பெயின்ட் காயுது.”

“இறங்குங்க” என்றாள். உருளையை அவர் கையிலிருந்து வாங்கினாள். வெள்ளை அவள் புடவையில் கோடாக இறங்கியது; துடைக்கவில்லை. நேரே போய்த் தலைவன் முன்னால் நீட்டினாள்.

“இந்தா, உன்னை நீயே அழிச்சுக்கோ. பக்கத்துல நிக்கறவங்க மேல ஒரு சொட்டு படக்கூடாது.”