வெத்து அட்டை

நான் பூனாவுல இருக்கேன். செவிலிமேட்டுலேர்ந்து அகிலா அண்ணி போன் பண்ணாங்க. பிரேம்நாத் அண்ணன் செத்த பொறவு அவங்களா கூப்புட்டது இதான் மொத தடவை.

"தம்பி, அவரு படுக்கையில இருந்துக்கினே கம்ப்யூட்டர்ல ஒரு புடவை டிசைன் போட்டாருப்பா, எனக்குன்னு. இப்போ தறிக்குப் புது கன்ட்ரோல் பொட்டி வாங்கனோம். அந்த ஃபைல அது எடுக்கவே மாட்டேங்குது."

'எனக்குன்னு'ங்கறப்போ குரல் இறங்கிடுச்சு. ஊருக்கெல்லாம் நெய்ஞ்ச மனுசன். அண்ணியோட கல்யாணப் புடவையே கடையில எடுத்ததுதான்.

அந்தத் தறி புரோகிராம் நானும் அண்ணனும் சேந்து சி லாங்குவேஜ்ல எழுதனது. "அனுப்புங்க அண்ணி, பாக்கறேன்"னேன்.

அண்ணனோட கூடப் பொறந்த தம்பி தேவேந்திரன் அனுப்பனான். தொறந்து பாத்தா ஒண்ணுமே கணக்கு நிக்கல. அவனுக்குப் போன் போட்டேன்.

"டேய், இத என்னா பண்ண?"

"க்ளீன் பண்ணேண்ணா." குரல்ல பெருமை. "உங்க ஸ்ட்ரக்ட்ல ஒவ்வொரு வரிக்கும் நூல் ஓட்டற நாடாவுக்கு ஒரு பைட், இழை தூக்கற ஊசிக்கு நாலு. அஞ்சுதானே? ஃபைல்ல எட்டு எட்டா இருக்குது. நடுவுல சும்மா சைபர். வெத்து அட்டைன்னு உருவிட்டேன்."

அவங்க வீட்டுல அப்படித்தான். தறிக்கு டிசைன் சொல்ற ஓட்டை போட்ட அட்டைங்கள கோக்கறப்போ ஓட்டையே இல்லாத அட்டை ஒண்ணு பூந்துட்டா, புடவையில கோடு வுழுந்துடும். பாத்ததும் கை உருவிடும்.

"அது வெத்து இல்லடா, பேடிங், எடம் நெரப்பறது. நாலு பைட் நம்பர் நாலு நாலா எண்ற எடத்துலதான் ஆரம்பிக்கணும். அதுக்குதான் புரோகிராம மெஷினுக்கு மாத்தற கம்பைலரே முன்னாடி மூணு பைட்ட காலியா வுடுது."

"அவ்ளோதானா? மூணு மூணா திரும்ப சொருவிடலாம்ணா."

"எல்லா சைபரையும் எடுத்தியா?"

"ரீப்ளேஸ் ஆல்."

"ஊசி தூக்காத எடமும் சைபர்தானேடா. ஜரிகை இல்லாம வெறும் பட்டு தெரியுமே, அந்த எடமெல்லாம். அதுவும் போயிடுச்சு, எது எங்க இருந்துச்சுன்னு இனிமே தெரியாது."

அவன் படபடன்னு கீபோர்ட தட்டறது கேட்டுச்சு.

"வேற காப்பி இருக்குதா?"

"அது மேலயே சேவ் பண்ணிட்டேண்ணா. பழைய கம்ப்யூட்டர இரும்புக் கடையில போட்டாச்சு."

அண்ணி போன வாங்கனாங்க. "அழிச்சது அழிச்சதுதானா தம்பி?"

"ஆமா அண்ணி."

பக்கத்துல அவன் அழுவறது கேட்டுச்சு. "சீ, சும்மா இரு. வேணும்னா செஞ்ச? போயி துன்னு, காலையிலேர்ந்து அது முன்னாடியே உக்காந்துக்கினு இருக்க." அப்புறம் எங்கிட்ட கேட்டாங்க: "அதுல என்னா போட்டிருந்தாருன்னாவது உனக்குத் தெரியுமாப்பா? எங்கிட்ட காட்டல. தறியில பாத்துக்கோன்னுட்டாரு."

எங்கிட்டயும் சொல்லல. மயிலுன்னு சொல்லிடலாமான்னு வாய் வரைக்கும் வந்துச்சு.

"தெரியாது அண்ணி."

"சரி தம்பி"ன்னாங்க. போன வெக்கல. நானும் வெக்கல.