டிப்போவைப் பார்த்த இருக்கை

"பிடுங்கி எறிடா அதை! நாளைக்கு என்னைப் பார்க்க வர்றவங்க இந்த பஸ் சீட்டோட முதுகையா பார்க்கணும்?"

"பிடுங்க முடியாதுக்கா. தரையில போல்ட் போட்டு சிமெண்டும் பூசிட்டேன்."

"யாராவது கூடத்துல சுவரைப் பார்த்து சீட்டு வைப்பாங்களா?"

"சுவரை இல்லக்கா, டிப்போவைப் பார்த்து. சீட்டுன்னா வண்டி போற பக்கம்தானே பார்க்கணும்?"

தன் தலையில் அடித்துக்கொள்வதா, தம்பி தலையில் அடிப்பதா என்று தையல்கார அக்காவுக்குத் தெரியவில்லை. மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அந்தத் தம்பிக்கு, வட்டாரத்தில் ஓடும் நீலப் பேருந்துகள் என்றால் உயிர். லீவு நாளெல்லாம் டிப்போ வாசலில்தான் தவம். கடைசி ஆளும் இறங்கும்வரை காத்திருந்து, காலி வண்டியின் உள்ளே புகுந்து படம் பிடிப்பான். புது வண்டிகளின் சாம்பல் துணி இருக்கையையும் திறக்காத கண்ணாடியையும் மரியாதைக்காகப் பாராட்டுவான். பழைய வண்டிகளின் பச்சை ரெக்ஸின், பலகைத் தரை, கை பட்டுப்பட்டு வழுவழுத்த கம்பி என்று ஆரம்பித்தால் கண் சொருகிவிடும். உடைக்கப்போன வண்டி ஒன்றிலிருந்து இருவர் இருக்கையைக் கெஞ்சி வாங்கிவந்து, கூடத்தில் சன்னலோரமாக நட்டுவிட்டான்.

அக்காவின் கவலை தெருவே அறிந்ததுதான். எதிரே ஆள் உட்கார்ந்து முகத்தைப் பார்த்தால் அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். முன்பு வந்தவர்கள் "பொண்ணு ஊமையோ" என்று கிசுகிசுத்தபடி படியிறங்கினார்கள். இதுவும் கைநழுவினால் இனி யாரையும் வரச்சொல்லக் கூடாது என்று அம்மாவிடம் சொல்லியிருந்தாள்.

மறுநாள் மாப்பிள்ளை வந்தார், பல்செட் செய்பவர். கூடவே பெற்றோர், அத்தை, சித்தப்பா. நாற்காலிகள் நிறைந்துவிட்டன.

"ரெண்டு பேரும் அந்த பஸ்ல ஏறிக்குங்களேன்!" என்று அத்தைக்காரி சிரித்தாள்.

ஏறிக்கொண்டார்கள். முதுகுக்குப் பின்னால் இரண்டு குடும்பம், முன்னால் வெறும் சுவர், அவள் பக்கம் சன்னல். திரைச்சீலை லேசாக அசைந்தது. தெரு மெல்ல நகர ஆரம்பித்ததுபோல் இருந்தது அவளுக்கு. கொடியில் காயும் சட்டைகள், எதிர்மாடிப் பூனை, இஸ்திரிக்காரரின் வண்டி எல்லாம் ஒவ்வொன்றாகப் பின்னால் நழுவின.

"சீட்டுல தையல் பிரிஞ்சிருக்கு," என்றார் அவர், சுவரிடம்.

"நூல் மட்டம். நான் போட்டா பிரியாது," என்றாள், சன்னலிடம். தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகம்.

"பல்செட்டும் அப்படித்தாங்க. சரியாப் பிடிக்கலைன்னா சோத்தோட வந்துடும்."

அவள் சிரித்துவிட்டாள். அப்புறம் பேச்சு, நிற்காத வண்டியாக, எந்தெந்த ஊரையோ கடந்து போனது. பின்னால் யாரோ "கிளம்பலாமா?" என்றார்கள்.

"அதுக்குள்ள இறங்கணுமா?" என்றாள் அவள்.

கல்யாணம் முடிந்து இருவரும் கடலோர ஊருக்குக் குடிபோய்விட்டார்கள். போகும்போது மாப்பிள்ளை அந்த இருக்கையைக் கேட்டார். "உசிரைக் கேளுங்க மாமா, தர்றேன்," என்றுவிட்டான் தம்பி. பிரிந்த தையலை மட்டும் அக்கா போட்டுக் கொடுத்தாள்.

அவனுக்குத்தான் இன்னும் அமையவில்லை. வருகிறவளுக்கும் சன்னலோரத்தை விட்டுத்தர மாட்டானாம். அப்புறம் எவள் ஏறுவாள்?