இடது காதில் வேப்பங்குச்சி

சின்னவலசைக் கடற்கரையில் தொலைந்துபோன பொருள்கள் மாலை நாலு மணிக்கு மேல்தான் கிடைக்கும். அதுவரை அவை தூங்கும். முன்னாலேயே எழுப்பினால் கோபித்துக்கொண்டு இன்னும் ஆழத்துக்குப் போய்ப் படுத்துவிடும். ஊரில் எல்லோருக்கும் இது தெரியும் என்பதால் யாரும் இதைப் பெரிதாகப் பேசுவதில்லை.

அஞ்சுகமும் நாலு மணிக்குத்தான் வருவாள். தோளில் மெட்டல் டிடெக்டர். இடுப்பில் களைக்கொத்தி. வலது காதில் சிவப்புக்கல் தோடு. இடது காதில் வேப்பங்குச்சி.

அவளுடைய மிஷின் மற்ற மிஷின்களைப்போல் கீச்சென்று கத்தாது. செருமும். ஆணிக்கு ஒரு செருமல், காசுக்கு இரண்டு. தங்கம் என்றால் செருமிவிட்டு, வீட்டுக்குள் சம்பந்தி வந்துவிட்டதுபோல் கம்மென்று ஆகிவிடும். அப்படிக் கம்மென்று ஆன இடங்களிலிருந்து அஞ்சுகம் மூக்குத்தி எடுத்திருக்கிறாள், குழந்தையின் மோதிரம் எடுத்திருக்கிறாள், தாலிக்குண்டு எடுத்திருக்கிறாள். எல்லாவற்றையும் உரியவர்களைத் தேடிப் பிடித்துக் கொடுத்தும்விட்டாள். அவள் தேடியது அவற்றை அல்ல.

ஓர் ஆடி அமாவாசைக் கூட்டத்தில் அவள் இதே கடலில் மூன்று முழுக்குப் போட்டாள். மூன்றாவது முழுக்கில் எழுந்தபோது இடது காது லேசாக இருந்தது. கல்யாணத்தில் போட்ட தோடு போயே போய்விட்டது.

துளை தூர்ந்துவிடாமல் இருக்க எல்லாப் பெண்களும் செய்வதையே அவளும் செய்தாள். வேப்பங்குச்சி ஒன்றை நறுக்கிச் செருகிக்கொண்டாள். தோடு கிடைக்கும்வரைதானே என்றாள். குச்சி அங்கேயே குடியிருந்துவிட்டது.

கடற்கரையில் சாயங்காலம் நடைப்பயிற்சிக்கு வரும் நாத்தனார் வசந்தகோகிலத்துக்கு இது பொறுக்கவில்லை.

"ஏண்டி அஞ்சுகம், ஒத்தைத் தோட்டோட இப்படியா திரிவே? மூளி மாதிரி இருக்குடி. அதையும் கழட்டிப் போட்டுட்டு வேற ஜோடி வாங்கு."

"கிடைக்கிற வரைக்கும் கழட்ட மாட்டேன் மதினி."

"கிடைக்காமலே போனா?"

"கிடைக்கிற வரைக்கும்."

இந்தப் பேச்சு தினமும் நடக்கும். மதினி எப்போதும் கடல் பக்கமாகவே நிற்பாள் என்பதால் இடது காதோரமாகவே நடக்கும். குச்சி அங்கேதான் இருந்தது. எல்லாவற்றையும் அதுவும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

அன்று அஞ்சுகத்துக்குப் பக்கத்தில் ஜெயசீலி தேடிக்கொண்டிருந்தாள். ஜெயசீலிக்கும் சொந்த மிஷின் உண்டு. சோடா மூடி மட்டும்தான் கிடைக்கும். ஒருமுறை மூடியோடு சோடாவும் கிடைத்தது. ஜில்லென்று இருந்ததாக இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

அஞ்சுகத்தின் மிஷின் செருமியது. கம்மென்று ஆனது. பிறகு தெளிவாக, "வணக்கம்" என்றது.

"அக்கா, உன் மிஷின் பேசுது," என்றாள் ஜெயசீலி.

"மரியாதை தெரிஞ்ச மிஷின்."

"என்னோடது என்னைக் கண்டா மூஞ்சியத் திருப்பிக்குது."

அஞ்சுகம் தோண்டினாள். பித்தளைக் கைப்பிடி ஒன்று வந்தது. இழுத்தாள். கைப்பிடி வரவில்லை, மணல்தான் விலகியது. கைப்பிடிக்குக் கீழே ஒரு கதவு மல்லாந்து படுத்திருந்தது. தட்டினாள்.

"காலை உதறிட்டு வாம்மா. உள்ளே மணல் விழுது," என்றது கதவு.

அந்தக் குரலை அவளுக்குத் தெரியும். எதிர்வீட்டு வைத்திலிங்கம். போன தை மாதம் காணாமல் போனவர். அவர் மனைவி இன்னமும் அவருக்கும் சேர்த்துத்தான் காபி கலக்கிறாள்.

"அண்ணே, நீங்களா?"

"நாந்தாம்மா. இப்போ கதவா இருக்கேன்."

"ஏன்?"

"சாவிக்கொத்தத் தொலைச்சுட்டுத் தேடி வந்தேன்ல? அது முந்திக்கிச்சு. நாந்தான் தொலைஞ்சு போயிட்டேன்னு புகார் குடுத்துருச்சு. தீர்ப்பு அது பக்கம். சாவிக்கு என்ன வேணும்? கதவுதானே வேணும்."

அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அஞ்சுகம் காலை உதறினாள்.

"இரு, நானும் வரேன்," என்றாள் ஜெயசீலி.

"நீ மேலே நில்லு. யாராச்சும் கேட்டா, கீழே போயிருக்கான்னு சொல்லு."

கீழே ஒரு நடைக்கூடம் இருந்தது. அதற்குக் கூரை கிடையாது, கடல்தான் கூரை. அங்கங்கே சொட்டியது. அஞ்சுகம் நடக்க நடக்கக் கூடம் நீண்டது. நின்றால் அதுவும் நின்றது. அவள் பின்பக்கமாகத் திரும்பி, வந்த வழியே போகிறவள்போல் நாலு எட்டு வைத்தாள். கூடம் ஏமாந்து சுருங்கியது. முதுகு ஒரு மேசையில் இடித்தது.

இரண்டு பக்கச் சுவர்களிலும் பலகைகள். பலகைகளில் மோதிரங்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. தீர்ப்பு கிடைத்த மோதிரங்களுக்குப் பக்கத்தில் அவற்றின் விரல்கள் இருந்தன. விரல்கள் சுத்தமாக, நகம் வெட்டி, நல்லபடியாக வைக்கப்பட்டிருந்தன. ஒரு கைக்கடிகாரம் தன் மணிக்கட்டை மடியில் போட்டுத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தது.

மேசைக்குப் பின்னால் ஓர் அதிகாரி பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டிவிட்டுத் தண்ணீரில் கால் வைத்து உட்கார்ந்திருந்தார். பெயர்ப்பலகையில் இளம்பூரணன் என்று இருந்தது. தொலைந்தோர் மீட்பு அலுவலர்.

"என்ன வேணும்?" என்றார்.

"என் தோடு, சார். இடது காதுத் தோடு. சிவப்புக்கல்."

அவர் முகம் மலர்ந்தது. "அட, நீங்கதானா அது? உங்களைத்தாம்மா இத்தனை நாளாத் தேடுறோம். உக்காருங்க."

"நான் எங்கேயும் போகலையே."

"தொலைஞ்சவங்க எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க."

அவர் மேசைக்கு அடியிலிருந்து ஒரு மிஷினை எடுத்தார். அஞ்சுகத்தின் மிஷினைப்போலவே இருந்தது. ஆனால் அது ஆட்களுக்கான மிஷின். அவள் தலைக்கு மேல் காட்டினார், சத்தமில்லை. தோளுக்குக் காட்டினார், சத்தமில்லை. இடது காதுக்குக் கொண்டுபோனார். மிஷின் செருமிவிட்டுக் கம்மென்று ஆனது.

"கிடைச்சிருச்சு," என்றார் இளம்பூரணன். உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "மனுதாரரைக் கூப்பிடுங்க."

எவர்சில்வர் தட்டு ஒன்று தானாக வந்து மேசையில் அமர்ந்தது. தட்டின் நடுவில் அவளுடைய தோடு. புளியங்கொட்டை அளவுதான். ஆனால் நீதிமன்றத்துக்கு அடிக்கடி போய்வந்த முகக்களை அதற்கு வந்திருந்தது.

எத்தனை சாயங்காலம். அஞ்சுகத்தின் கை தானாகத் தட்டை நோக்கிப் போனது.

"தொடாதே," என்றது தோடு. "நீ யாரு?"

"என்ன கேள்வி இது? நான் உன்னைப் போட்டுக்கிட்டவ."

"நீ என் காது ஒட்டிக்கிட்டிருக்கிற இடம். அவ்வளவுதான். சார், நானும் என் ஜோடியும் ஆளுக்கொரு காது வச்சிருந்தோம். ஆடி அமாவாசை அன்னிக்குக் கடல்ல குளிக்கறப்ப என்னோட காதைத் தொலைச்சிட்டேன். இவ மேலே நின்னு மணலைத் தேடினா. நான் கீழே நின்னு அதே மணலைத் தேடினேன். இப்ப கிடைச்சிருச்சு. குடுத்துரச் சொல்லுங்க."

"நியாயந்தானே," என்றார் இளம்பூரணன். "காதை மட்டும் எடுத்துக்குவோம்மா. வலி இருக்காது. மிச்சத்தை நீங்க வச்சுக்கலாம்."

"குடுக்க மாட்டேன்."

"காரணம்?"

"என் காது."

"எல்லாரும் இதைத்தாம்மா சொல்றாங்க. வேற ஏதாச்சும் சொல்லுங்க."

"வேற ஒண்ணும் சொல்றதுக்கில்லை. என் காது."

இளம்பூரணன் பெருமூச்சுவிட்டார். இப்படிப்பட்டவர்களை அவர் பார்த்திருக்கிறார் என்பது தெரிந்தது. "சட்டம் என்னன்னா, துளை காலியா இருந்தா காது தோட்டுக்கு. துளையில யாராச்சும் குடியிருந்தா, குடியிருக்கிறவங்களுக்கு. உங்க துளையில இருக்கறது வெறும் குச்சி. குச்சி தற்காலிகம். அதை எடுத்துட்டாத் துளை காலி. எடுங்க."

"எடுக்க மாட்டேன்."

"நாங்க எடுக்கக்கூடாது. அதுவா விழணும். அப்ப கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளி உக்காருங்க."

அவர் காட்டிய நாற்காலிக்கு மேல் கடல் சொட்டிக்கொண்டிருந்தது. சரியாக இடது காதின்மேல் சொட்டியது. அலுவலகத்தின் வழக்கம் இது. குச்சி ஊறும், இற்றுப்போகும், தானாக நழுவி விழும். உப்புத்தண்ணீரில் எந்தக் குச்சியும் நிலைத்ததில்லை. வைத்திலிங்கத்தின் இடுப்பில் சாவிக்குப் பதிலாக முடிந்திருந்த கயிறும் இந்த நாற்காலியில்தான் இற்றது.

தோடு தட்டில் நிமிர்ந்து உட்கார்ந்து காத்திருந்தது. சொட்டு விழுந்தது. சொட்டு விழுந்தது. அஞ்சுகம் கையைக் கட்டிக்கொண்டு இளம்பூரணனையே பார்த்தாள். அவர்தான் முதலில் கண்ணை எடுத்தார்.

"வீட்டுக்குப் போகணும்னு இல்லையாம்மா?"

"இருக்கு. காதோட."

சற்று நேரத்தில் காதோரம் குறுகுறுத்தது. குச்சி நகர்ந்தது. போயிற்று என்று அவள் நினைத்தாள். பல்லைக் கடித்துக்கொண்டாள். தடவிப் பார்க்கவில்லை, தடவிப் பார்த்தால் பயந்ததாக ஆகிவிடும்.

"சார்," என்றது தோடு. அதன் குரல் சரியில்லை. "சார், அது என்ன?"

இளம்பூரணன் எழுந்து கிட்டே வந்தார். குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

குச்சி துளிர்த்திருந்தது. சிவந்த கொழுந்து இரண்டு. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூன்றாவது வந்தது.

"உப்புத்தண்ணியில வேம்பு துளிர்க்காதே," என்றார்.

"உங்க தண்ணிக்குத் துளிர்க்கலை சார்," என்றாள் அஞ்சுகம். அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. "அது எங்க மதினி வாய்க்குத் துளிர்த்திருக்கு. தினம் சாயங்காலம் தவறாம ஊத்தினாங்க."

இளம்பூரணன் சட்டத்தை மறந்து குச்சியைப் பிடித்து இழுத்தார். அவர்தான் பின்னால் சாய்ந்து விழுந்தார். குச்சி அசையவில்லை. அது வேர்விட்டிருந்தது. அஞ்சுகத்துக்குக் கழுத்துவரை அந்த வேரின் குளிர்ச்சி தெரிந்தது. கிளை தோளுக்கு வந்து, பூத்து, மேசைமேல் பூவை உதிர்த்தது.

"குடியிருக்கு," என்றார் அவர் தரையில் உட்கார்ந்தபடி. "நிரந்தரமாக் குடியிருக்கு."

தட்டிலிருந்து தோடு தழைந்த குரலில் பேசியது.

"அஞ்சுகம். சரி, போகட்டும். நான் புகாரை வாபஸ் வாங்கிக்கறேன். என்னைத் தேடித்தானே வந்தே? எடுத்துப் போட்டுக்க. அந்தச் செடியை மட்டும் ஒடிச்சுப் போட்டுரு."

இத்தனை நாளாக அவள் கேட்க ஆசைப்பட்ட வார்த்தை அது. அஞ்சுகம் தோட்டைப் பார்த்தாள். அழகாகத்தான் இருந்தது. ஆழத்தில் கிடந்தும் கல் மங்கவில்லை.

அவள் வலது காதுக்குக் கையைக் கொண்டுபோனாள். திருகாணியைத் திருகினாள். கிடைக்கிற வரைக்கும் கழற்ற மாட்டேன் என்று சொல்லியிருந்தாள். இப்போது கிடைத்துவிட்டது. கழற்றினாள். தட்டில், இடது தோட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இந்தா உன் ஜோடி. இனி ரெண்டு பேரும் இங்கேயே இருந்து ஒருத்தரையொருத்தர் தேடிக்கங்க. காதுக எங்கிட்ட இருக்கட்டும்."

தோள்மேல் கிடந்த கிளையில் ஒரு குச்சியை ஒடித்தாள். வலது காதில் செருகிக்கொண்டாள். எழுந்தாள்.

"மேலே போனா மூளின்னு சொல்லுவாங்கம்மா," என்றார் இளம்பூரணன். அது மிரட்டல் இல்லை. உண்மையான கவலைதான்.

"சொல்லட்டும் சார்."

நடைக்கூடம் நீளப் பார்த்தது. அவள் கிளை சுவர்களை உரசியது. கூடம் கூச்சப்பட்டுச் சுருங்கிக்கொண்டது. பலகைகளில் விரல்கள் ஒவ்வொன்றாக எழுந்து நின்றன. வைத்திலிங்கம் சாத்தியிருந்தார்.

"அண்ணே, கிளம்புங்க."

"சாவி இல்லாம எப்படிம்மா? நான் பூட்டியிருக்கேன்."

"கீல் என்ன சாவியா கேக்குது?"

களைக்கொத்தியின் முனையைக் கீலில் கொடுத்து நெம்பினாள். அவர் கிறீச்சிட்டார். இரண்டாவது கீலும் வந்தது. அஞ்சுகம் அவரைத் தலையில் வைத்துக்கொண்டு மணலேறினாள்.

"பார்த்தும்மா, எனக்கு உயரம் ஆகாது," என்றார் வைத்திலிங்கம்.

மேலே ஜெயசீலி இருந்த இடத்திலேயே நின்றாள். அவளைச் சுற்றிச் சோடா மூடிகள் கூட்டமாக வந்து காத்திருந்தன.

"கிடைச்சுதாக்கா?"

"கிடைச்சுது. வேணாம்னு குடுத்துட்டேன்."

ஜெயசீலி தன் மிஷினை எடுத்து அஞ்சுகத்தின் இரண்டு காதுகளிலும் காட்டினாள். சத்தமே இல்லை.

"ஒண்ணுமே காட்டலையேக்கா."

"இனிமே காட்டாது."

வைத்திலிங்கத்தை மணலில் கிடத்தினார்கள். வீட்டுக்கு எடுத்துப்போனால் வாசலில் மாட்டலாம் என்றாள் ஜெயசீலி. காபியை எங்கே ஊற்றுவது என்று யோசிக்க வேண்டும். கதவு போன ஓட்டையிலிருந்து மோதிரங்கள் இல்லாமல் சில விரல்கள் மெல்ல மேலே வந்து, திசை பார்த்து, அவரவர் தெருவைப் பார்க்க நடந்தன. ஓட்டைக்குள்ளிருந்து இளம்பூரணன், "அம்மா, கதவு," என்றார். யாரும் திரும்பவில்லை.

அஞ்சுகம் ஓட்டையோரம், தன் காதின் நிழலிலேயே உட்கார்ந்தாள். காக்கை ஒன்று வந்து கிளையில் அமர்ந்தது.

தூரத்தில் வசந்தகோகிலம் வந்துகொண்டிருந்தாள். வழக்கம்போல் கை வீசி, வழக்கம்போல் கடல் பக்கமாக. கிட்டே வந்தவள் நின்றாள். கிளையைப் பார்த்தாள். காக்கையைப் பார்த்தாள். கடைசியாக வலது காதைப் பார்த்தாள்.

"அடிப் பாவி. அந்த ஒண்ணையும் தொலைச்சிட்டியா? இப்ப ரெண்டு காதும் மூளியாடி உனக்கு?"

அஞ்சுகம் தலையைத் திருப்பி வலது காதைக் காட்டினாள்.

"இன்னொருக்கச் சொல்லுங்க மதினி. இந்தப் பக்கம் இன்னும் துளிர்க்கலை."