ருக்குவின் ஒற்றைக்குழல் கண்ணாடி

1

இந்தக் கதை என் தலையில் உதித்ததில்லை. மேல்வீட்டு அம்மிணி மாமியின் புகாரில் பிறந்தது. போன திங்கட்கிழமை, குழாயில் தண்ணீர் வருகிற வேளையில், எங்கள் மாதுங்கா கட்டடத்தின் மாடிப்படியில் என்னை நிறுத்திவைத்து, தன் நாத்தனார் ருக்கு செய்த காரியத்தையெல்லாம் மாமி சொன்னாள். கீழே வாளி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. "நீர் பத்திரிகைக்கு எழுதறவராச்சே, நீரே சொல்லும், இது நன்னாயிருக்கா?" என்று முடித்தாள். நன்றாகத்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. அதை மாமியிடம் சொல்ல முடியாததால் உங்களிடம் சொல்கிறேன்.

ஆரம்பம்தான் சரியாக அமையவில்லை. 'அறுபத்துமூன்றாம் வருஷம் நவம்பர் மாதத்து இளங்காலையில் பவாய் ஏரி...' வேண்டாம், காலண்டர் படம் மாதிரி இருக்கிறது. 'ருக்கு லட்சணமாக இருப்பாள், ஆனால்...' என்று இன்னொன்று எழுதினேன். அதையும் அந்த 'ஆனால்' வந்த இடத்திலேயே நிறுத்திவிட்டேன். பெண் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் அதைத்தான் சொல்லிவிட்டுப் போனார்கள். நானும் சொல்வானேன்.

நேராகச் சொல்லிவிடுகிறேன். ருக்குவுக்கு இடது கண்ணில் பார்வை கிடையாது. சின்ன வயதில் வந்த ஒரு ஜுரத்தோடு போனது. பார்த்தால் தெரியாது. கோட்டை வட்டாரத்தில் ஓர் இன்ஷூரன்ஸ் ஆபீசில் டைப்பிஸ்ட். முப்பதைத் தாண்டிவிட்டாள். வந்த வரன்களிடமெல்லாம் அவள் அண்ணா உண்மையைச் சொல்வார். அவர்கள் பஜ்ஜியைச் சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள். இந்தத் தடவை சொல்லப்போவதில்லை என்று அம்மிணி மாமி முடிவெடுத்தாள்.

2

வந்தவர் பெயர் வேங்கடசுப்ரமணியன். (நீளம் அதிகம். இனி வேங்கடம்.) செம்பூரில் ஜாகை, கப்பல் கம்பெனியில் உத்தியோகம், மனைவியை இழந்தவர், குழந்தை இல்லை. பட்சிப் பைத்தியம். ஞாயிற்றுக்கிழமையானால் கழுத்தில் பைனாகுலரை மாட்டிக்கொண்டு ஏரி, கழிமுகம், காடு என்று கிளம்பிவிடுவார். பெண் பார்க்க வந்த அன்று அவருடைய நாற்காலியை ருக்குவின் வலது கைப்பக்கமாக மாமியே இழுத்துப் போட்டாள். காரியம் கெடவில்லை. "அடுத்த ஞாயிற்றுக்கிழமை எல்லோருமாகப் பவாய் வரலாமே" என்று அவராகவே அழைத்தார்.

விக்ரோலியில் ரயிலை விட்டு இறங்கி, கிடைத்த பஸ்ஸில் தொற்றிக்கொண்டு நான்கு பேரும் போனார்கள்: அண்ணா, மாமி, ருக்கு, வேங்கடம். புளியோதரை உண்டு, பிளாஸ்கில் காப்பி உண்டு. ஏரிக்கரையில் வேங்கடம் பைனாகுலரைக் கழற்றி ருக்குவின் கையில் கொடுத்தார். அல்லித் தழைக்கு நடுவே ஒரு கறுப்புப் புள்ளியைக் காட்டினார். அது இலைக்கோழி, இலைமேலேயே நடக்கும், காலைப் பார்க்க வேண்டும் என்றார். அவள் கண்களின் அகலத்துக்கு ஏற்றபடி இரண்டு குழாயையும் மடக்கிச் சரிசெய்தார்.

"மொதல்ல ரெண்டு வட்டமாத் தெரியும். ரெண்டும் ஒண்ணாச் சேரணும். சேர்ந்துடுத்தா?"

ருக்குவின் முதுகுக்குப் பின்னால் நின்ற மாமி, அண்ணாவின் கையைப் பிடித்துக்கொண்டாளாம். சேர்ந்துவிட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கல்யாணமே அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் இருந்தது.

ருக்கு பைனாகுலரைக் கீழே இறக்கினாள். "எனக்கு எப்பவும் ஒரு வட்டந்தான். இடது கண்ணு தெரியாது. உங்ககிட்ட யாரும் சொல்லலை."

[இந்த இடத்தில் ஒரு பத்தி முழுக்க மௌனத்தை வர்ணித்திருந்தேன். அடித்துவிட்டேன். அண்ணா செருமினார், மாமி யாரும் கேட்காமலே எல்லோருக்கும் காப்பி ஊற்றினாள். அவ்வளவுதான் நடந்தது.]

வேங்கடம் எப்போதிலிருந்து என்று மட்டும் கேட்டார். ருக்கு சொன்னாள். பிறகு அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. திரும்பி வரும்போது ரயிலில் அண்ணாவோடு ஆபீஸ் விஷயம் பேசிக்கொண்டு வந்தார். குர்லாவில் இறங்கும்போது எல்லோருக்கும் பொதுவாக ஒரு கும்பிடு போட்டார். இதுவும் போயிற்று என்று மாமி அன்று ராத்திரி சமைக்கவில்லை.

3

இங்கே எனக்கு ஒரு சந்தேகம். வேங்கடத்தை நம்பலாமா?

முதல் பிரதியில் அவர் திரும்பி வரவே இல்லை. கதை கச்சிதமாக, சோகமாக முடிந்தது. பத்திரிகை ஆசிரியருக்கும் பிடித்திருக்கும். ஆனால் அவர் வந்தாரே, நான் என்ன செய்ய? சனிக்கிழமை மத்தியானம், ஆபீஸ் விட்டு நேராக, மாடியேறி வந்தார். சாயங்காலம் சோர் பஜார் போகலாமா, ஒரு கண்ணால் பார்க்கிற கண்ணாடி அங்கே கிடைக்கும் என்று ருக்குவிடம் கேட்டார். வாரம் முழுக்க யோசித்தாராம்.

உடனே அவரை உத்தமராக்கிவிட வேண்டாம். அந்த மனுஷர் ஓயாமல் பேசுவார். பிறர் கேட்காததையெல்லாம் விளக்குவார். பஸ் போய்ச் சேர்வதற்குள் லென்ஸ் பற்றிய முழுப் பாடத்தையும் நடத்தி முடித்துவிட்டார் என்று மாமி சொன்னாள். (துணைக்கு மாமியும் போயிருந்தாள். அவளுக்குத் தலைவலி.)

4

சோர் பஜாரில் பழைய கப்பல் சாமான் விற்கும் கடை. கடைக்காரர் கரீம் பாட்சா, காயல்பட்டினத்துப் பக்கம். தமிழ் கேட்டதும் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

வேங்கடம் நேராகப் போய் ஒரு பித்தளைக் குழலை எடுத்தார். இழுத்தால் மூன்று அடுக்காக நீளும். இருபது மடங்கு பெரிதாகக் காட்டும். மாலுமி கையில் இருப்பது மாதிரி இருந்தது. இதுதான், வேறு பார்க்கவே வேண்டாம் என்றார்.

கடைக்காரர் மறுக்கவில்லை. "கடைக்குள்ள எல்லாக் கண்ணாடியும் நல்லாத்தான் இருக்கும். தெருவுக்குப் போயிப் பாருங்க" என்றார்.

ருக்கு தெருவில் நின்று எதிர்மாடிக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருந்த புறாவைப் பார்க்க முயன்றாள். புறா அகப்படவே இல்லை. வானம் வந்தது, சுவர் வந்தது, யாருடைய பாவாடையோ வந்தது. ஒருவழியாக அகப்பட்டபோது பூகம்பத்தில் மாட்டிக்கொண்டதுபோல் குதித்தது. மூச்சை அடக்கிப் பார்க்கச் சொன்னார் வேங்கடம். அடக்கினாள். அப்போதும் குதித்தது.

"இருபது மடங்குன்னா கை நடுக்கமும் இருபது மடங்குதானே. இதுக்கு முக்காலி வேணும்" என்ற கரீம் பாட்சா, உள்ளேயிருந்து உள்ளங்கை நீளத்தில் ஒரு கறுப்புக் குழலை எடுத்து வந்தார். அதன் மேல் 8×30 என்று பொறித்திருந்தது. எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும். முன்கண்ணாடியின் அகலம் முப்பது மில்லிமீட்டர். மழைக்காலத்துப் பூஞ்சை ஏதும் உள்ளே படரவில்லை என்று பல்புக்கு நேரே பிடித்துக் காட்டினார். காதருகே வைத்துக் குலுக்கினார், எதுவும் கடகடக்கவில்லை. பட்டாளத்துப் பைனாகுலர் ஒன்று கீழே விழுந்து ஒரு பாதி நொறுங்கிப்போனதாம். நல்ல பாதியை அறுத்தெடுத்தது இது.

[ஒற்றைக் கண் பெண்ணுக்குப் பாதிப் பைனாகுலர். நான் கற்பனை செய்திருந்தால் இதை வெட்டியெறிந்திருப்பேன். அம்மிணி மாமிக்கு உருவகம் என்றால் என்னவென்று தெரியாது; அவள் சொன்னதால் நம்புகிறேன்.]

ருக்கு மறுபடி தெருவுக்குப் போனாள். புறா உடனே வந்தது. அசையாமல் உட்கார்ந்து கழுத்தைக் கோதிக்கொண்டது. கழுத்தில் பச்சையும் ஊதாவும் மாறி மாறி மின்னின. ருக்கு வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். ஒரு கைவண்டிக்காரன் "பாஜூ, பாஜூ" என்று ஒதுங்கச் சொல்லிக் கத்திக்கொண்டே அவளைச் சுற்றிப் போனான்.

வேங்கடத்துக்கு மனம் வரவில்லை. பெரியதாக வாங்கினால் தூரத்துக் கப்பல்கூடத் தெரியும் என்றும், முக்காலியைத் தானே செய்துகொடுப்பதாகவும் சொல்லி, பர்ஸையும் எடுத்துவிட்டார். ருக்கு அவரைத் தடுத்துத் தன் பையைத் திறந்தாள்.

"நான் கொடுக்கறேனே" என்றார் அவர்.

"வேண்டாம். கல்யாணம் நடந்தா சந்தோஷம். நடக்காட்டாலும் இது எங்கிட்ட இருக்கணும்."

இதுதான் மாமியின் புகார். கடைக்காரர் முன்னால், வயசில் பெரிய மனுஷரிடம், இப்படியா பேசுவது? வேங்கடத்துக்கும் சுருக்கென்றுதான் இருந்திருக்கிறது. தாதர் வரும்வரை வாய் திறக்கவில்லை. மாமியின் தலைவலி அப்போதுதான் விட்டதாம்.

5

மறுநாள் ஞாயிறு. வரமாட்டார் என்று மாமி நினைத்தாள்; வந்து நின்றார், முகம் கொஞ்சம் உப்பலாக. மறுபடி பவாய். இந்தப் பகுதியில் பாதி, மாதுங்கா ஸ்டேஷனில் ரயிலுக்கு நிற்கும்போது ருக்கு என்னிடம் சொன்னது.

முதலில் எதுவுமே அகப்படவில்லையாம். குழலைக் கண்ணில் வைத்துக்கொண்டு தேடினால் ஏரி முழுக்கத் தண்ணீர்தான். பிறகு அவளாகவே கண்டுபிடித்தாள்: முதலில் வெறும் கண்ணால் பட்சியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பார்வையை எடுக்காமல் குழலைக் கண்ணுக்குக் கொண்டுவர வேண்டும். முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொண்டால் கை ஆடாது.

இலைக்கோழி வந்தது. இப்போது அது வெறும் கறுப்புப் புள்ளி இல்லை. வெண்கலப் பாத்திரம் மாதிரி முதுகு. கால்விரல்கள் அவ்வளவு நீளம். ஓர் இலையில் கால் வைக்கும், இலை கொஞ்சம் அமிழும், அமிழ்ந்து முடிவதற்குள் அடுத்த இலைக்குப் போய்விடும்.

"சார், அது அவசரமே படலை" என்றாள் ருக்கு என்னிடம். ரயில் வந்துவிட்டது. அவளும் அவசரப்படாமல்தான் ஏறினாள்.

மாமியும் குழலை வாங்கிப் பார்த்தாள். எதிர்க்கரையில் ஒரு குஜராத்திக் குடும்பம் என்னென்ன சாப்பிட்டது என்பது வரை எனக்கு ஒப்பித்தாள். திருப்பிக் கொடுக்கத்தான் நாழியாயிற்று.

6

முடிவுகள் இரண்டு எழுதிவைத்திருக்கிறேன். ஒன்றில் மாதுங்கா கோவிலில் மாலை மாற்றுகிறார்கள். கரீம் பாட்சா பித்தளைக் குழலைப் பரிசாக அனுப்புகிறார். (அனுப்பமாட்டார். வியாபாரி.) இன்னொன்றில் வேங்கடத்தின் அக்கா செம்பூரிலிருந்து வந்து...

இல்லை. இரண்டும் எனக்குத் தெரியாதவை. இன்று வியாழக்கிழமை. வருகிற ஞாயிற்றுக்கிழமை வேங்கடம் பேச வருகிறார். என்ன பேசுவார், ருக்கு என்ன சொல்வாள், இரண்டுமே நிச்சயமில்லை. ஆசிரியருக்குக் கதை நாளைக்குள் போயாக வேண்டும்.

எனக்குத் தெரிந்ததில் கடைசி இது. அன்று ஏரிக்கரையில் ருக்கு பார்த்துக்கொண்டிருக்கும்போது வேங்கடம் அவளுக்கு இடப்பக்கம் நின்று பேசிக்கொண்டே இருந்தார். இலைக்கோழியில் பெண்தான் பெரிது, முட்டையை ஆண்தான் அடைகாக்கும் என்றெல்லாம். உப்பல் தணிந்துவிட்டது போலிருக்கிறது. ருக்கு குழலை இறக்கிவிட்டுத் திரும்பினாள்.

"அந்தப் பக்கம் நின்னா நீங்க எனக்கு வெறும் சத்தந்தான். இந்தப் பக்கமா வாங்கோ."

அவர் பேச்சை நிறுத்தினார். அவளைச் சுற்றிக்கொண்டு, சேற்றில் கால் வைக்காமல் பார்த்துப் பார்த்து நடந்து, வலப்பக்கம் வந்து நின்றார். ருக்கு அவரை ஒரு தரம் நன்றாகப் பார்த்தாள். பிறகு குழலை அவரிடம் நீட்டினாள்.

மாமி இதைச் சொன்னபோது "அப்புறம்?" என்று கேட்டேன். "அப்புறம் என்ன, வெயில் ஏறிடுத்து, சாப்பிட உக்காந்தோம்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமையை உங்களிடம் விட்டுவிடுகிறேன். எனக்கு அன்று வாசல் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, மாடிப்படியைப் பார்த்தபடி உட்கார வேண்டிய வேலை இருக்கிறது.